பரீட்சைக்கு முந்திய முந்நூறு நாட்கள்

மார்ச் மாதம் பிறந்து பொதுத் தேர்வுகள் தொடங்கிவிட்டால், தமிழ்நாட்டுத் தேர்வு மையங்கள் பலவற்றில் தரைத்தளத்து அறை ஒன்று சில மாணவர்களுக்கென்று தனியே ஒதுக்கப்படுகிறது. கண்பார்வை இல்லாத மாணவனும், கை நடுங்கி எழுத இயலாத மாணவியும், எழுத்துகளை இனம் பிரித்து வாசிப்பதே பெரும்பாடாக இருக்கும் கற்றல் குறைபாடு உடைய பிள்ளையும் அங்கே வந்து அமர்கிறார்கள். 'சொல்வதை எழுதுபவர்' என்று தேர்வுத் துறையால் நியமிக்கப்பட்ட ஆசிரியர் பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம் என்றால் இவர்களுக்கு நான்கு மணி நேரம். மொழிப் பாடங்களில் ஒன்றை எழுதாமல் விட்டுவிடவும் விதி இடம் தருகிறது. அந்த ஒரு காலைப் பொழுதில் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் அந்தப் பிள்ளையைத் தங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதைக் காணும் எவருக்கும் மனம் நிறையத்தான் செய்யும்.

அந்த ஏற்பாட்டின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது யாரோ கருணையால் கொடுத்ததுமன்று, மனுப் போட்டும் வழக்காடியும் தெருவில் உட்கார்ந்தும் பல தலைமுறை மாணவர்கள் பெற்றது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்று நான்கு மணி நேரம் இத்தனை சிரத்தையோடு கவனிக்கப்படும் இந்த மாணவன், சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து எந்தப் புத்தகத்தைப் படித்தான், கரும்பலகையில் எழுதப்பட்டதை யார் அவனுக்குச் சொன்னார்கள், ஆய்வுக்கூடத்தில் அவன் கை எந்தக் கருவியைத் தொட்டது? நம் கல்வி ஸ்தாபனங்கள் மாற்றுத்திறனாளி மாணவனைப் பரீட்சை நாளில் நினைத்துக்கொள்கின்றன. அதற்கு முந்திய முந்நூறு நாட்களில் அவனை அவனுடைய தாயாரிடமும் தோழர்களிடமும் விட்டுவிடுகின்றன. கற்பிப்பதில் காட்டாத அக்கறையைச் சோதிப்பதில் மட்டும் காட்டுவது பாதி நியாயம்கூட ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இது சட்டத்தின் குற்றமா என்றால், இல்லை. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்து, அதன் 16, 17-ஆம் பிரிவுகளை யாரும் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளுதல், கட்டடத்தை அணுகத்தக்கதாக அமைத்தல், ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து கொடுத்தல், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் அவரவர்க்கு உரிய மொழியிலும் முறையிலும் கற்பித்தல், கற்றல் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறிதல், பள்ளிக்குச் சென்று வர வாகன வசதி என்று 16-ஆம் பிரிவு விரிகிறது. 17-ஆம் பிரிவில் பதினொரு உட்பிரிவுகள் இருக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பதில் ஆரம்பித்து, பிரெய்லும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்துவது, வள மையங்கள் அமைப்பது, புத்தகமும் உபகரணமும் இலவசமாக வழங்குவது, உதவித்தொகை கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஒன்பதாவதாகத்தான் கூடுதல் நேரத்தையும் எழுதித் தருபவரையும் மொழிப்பாட விலக்கையும் சட்டம் குறிப்பிடுகிறது. சட்டம் ஒன்பதாவது இடத்தில் வைத்ததை நடைமுறை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, ஏனைய பத்தில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டது.

அந்த ஒன்பதாவது விஷயமாவது தகராறின்றி நடக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். எழுதும்போது விரல்களும் மணிக்கட்டும் விறைத்து இழுத்துக்கொள்ளும் ஒருவகை நரம்புக் கோளாறு உள்ள இளைஞர் ஒருவர், 2018-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வை எழுத விண்ணப்பித்து, தமக்கு எழுதித் தரும் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். பார்வையின்மை, கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றுக்கு மட்டுமே, அதுவும் நாற்பது சதவீதத்துக்குக் குறையாதிருந்தால் மட்டுமே, அந்த வசதி உண்டு என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் மறுத்துவிட்டது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. விகாஷ் குமார் வழக்கு என்று சட்ட ஏடுகள் குறிப்பிடும் அந்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நாற்பது சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கு விதித்த அளவுகோலே தவிர, எழுதித் தருபவரைக் கேட்பதற்கு அதை வாசற்படியாக வைப்பது சட்ட விரோதம் என்று தீர்த்தது. எழுத முடியாத கை, சான்றிதழில் எத்தனை சதவீதம் என்று குறித்திருந்தாலும் எழுத முடியாத கைதானே! நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது.

அதே 2021-இல், எழுத்துக் குறைபாடு உள்ள மாணவி ஒருவர் நீட் தேர்வு எழுதினார். விதிப்படி அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. அதைத் தேர்வு மையத்தில் இருந்தவர்கள் அறியாமல், மற்றவர்களுடைய விடைத்தாளோடு அவருடையதையும் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒருவருக்காக மறு தேர்வு நடத்தச் சொல்ல இயலாது என்ற நீதிமன்றம், இழைக்கப்பட்ட அநீதிக்கு என்ன பரிகாரம் என்று தேர்வு முகமையே ஆலோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று நவம்பரில் உத்தரவிட்டது. டெல்லியில் எழுதப்பட்ட விதி தேர்வு மையத்துக் கண்காணிப்பாளரின் காதுக்கு எட்டாமல் போனதன் விலை அந்தப் பெண்ணின் ஒரு மணி நேரம்.

ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதான காரியமாகத் தோன்றும். பதில் முழுவதையும் மனத்துக்குள்ளேயே வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். தாளில் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. முந்திய பத்தியில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லி, இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்ல வேண்டும். 'மாறிலி' என்று மாணவன் சொன்னால், அந்தப் பாடத்தை அறியாத எழுதுபவர் 'சின்ன ரவா, பெரிய றவா?' என்று கேட்பார். 'மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து, அடுக்கு இரண்டு' என்று சொன்னால் அந்த அடுக்கு ஐந்துக்கு மட்டுமா, முழுவதற்குமா என்ற ஐயம் வந்துவிடும். 'அடைப்புக்குறி திற, மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து, அடைப்புக்குறி மூடு, அடுக்கு இரண்டு' என்று ஒவ்வொரு வரியிலும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இவ்வாறு சொல்லப் பழகுவது ஒரு தனி வித்தை. அதற்கும் வருஷம் முழுவதும் பயிற்சி வேண்டும், கூட உட்கார்ந்து பழக ஓர் ஆள் வேண்டும். பரீட்சை அறையில்தான் அந்த ஆளை முதன்முதலாகச் சந்திப்பது என்றால், கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி ரகர றகரங்களிலேயே கரைந்துபோகும். கல்லூரியிலோ நிலைமை இன்னும் கடினம். பருவத் தேர்வு வரும்போதெல்லாம், எழுதித் தர ஆள் தேடி மாணவர்களே அலைகிறார்கள். கீழ் வகுப்பில் படிக்கும் தம்பி தங்கையரும், பக்கத்துக் கல்லூரித் தோழர்களும், ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு வரும் நல்ல உள்ளம் படைத்தவர்களும் இல்லையென்றால் எத்தனையோ பட்டங்கள் வாங்கப்படாமலே போயிருக்கும்.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். இந்தப் பிரச்சினையின் மூல வேர் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

ஆறு புள்ளிகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, அவற்றை மாற்றி மாற்றி எழுப்பினால் அறுபத்து மூன்று வடிவங்கள் கிடைக்கும். அந்த அறுபத்து மூன்றுக்குள் ஒரு மொழியின் எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் அனைத்தையும் அடக்கிவிடலாம் என்று கண்டு, 1829-இல் நூலாக வெளியிட்டபோது லூயி பிரெய்லுக்கு வயது இருபது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் விரல் நுனியில் ஒரே வடிவமாகத் தட்டுப்படுவது அதன் சிறப்பு. பிரெய்ல் சட்டத்தில் தடித்த தாளைப் பொருத்தி, சிறிய ஊசி முனையால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போய், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கும் சிறுவர்களை ஒரு முறை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அந்த விரல்களின் வேகம் மறக்காது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிஷன் பெண்மணிகள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கினார்கள் என்பது, இந்தத் துறையில் தமிழ்நாடு பிந்தி வந்த தேசமன்று என்பதற்குச் சான்று.

பிரெய்லுக்கு ஒரு சங்கடம் உண்டு. அச்சில் ஒரு பக்கம், பிரெய்லில் இரண்டு மூன்று பக்கங்களாகிவிடும், தாளும் தடிமன். ஒரே பாடநூல் பல பெரிய தொகுதிகளாக விரிந்து, அலமாரியின் ஒரு தட்டு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இவற்றைத் தயாரிக்க முன்கூட்டியே திட்டமிட வேண்டும், அச்சகம் வேண்டும், பிழை திருத்துபவர் வேண்டும். ஹெலன் கெல்லர் அமெரிக்காவில் ராட்கிளிஃப் கல்லூரியில் 1900-இல் சேர்ந்து 1904-இல் பட்டம் பெற்ற கதையைப் பலரும் அறிவார்கள். வேண்டிய புத்தகங்கள் புடைப்பெழுத்தில் கிடைக்காததால் அவற்றைத் தம் கையில் பிறர் எழுத்தெழுத்தாக எழுதிக் காட்ட வேண்டியிருந்ததையும், மற்றப் பெண்கள் ஆடிப் பாடும் வேளையில் தாம் சில அத்தியாயங்களுக்காக மணிக்கணக்கில் போராட நேர்ந்ததையும் அவர் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதை அறிந்தவர்கள் குறைவு. நூற்றிருபது ஆண்டுகள் ஆகியும் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவனுக்கு அந்தப் பக்கம் அந்நியமாகத் தோன்றாது. பள்ளிப் பருவம் வரைக்கும் புத்தகம் எப்படியோ கிடைக்கிறது. பதினெட்டு வயது வரை புத்தகமும் உபகரணமும் இலவசம் என்றுதான் சட்டமும் சொல்கிறது. பதினெட்டு முடிந்து கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும்போது, பாடத்திட்டத்தின் கடைசியில் 'பார்வை நூல்கள்' என்று பத்துப் பன்னிரண்டு புத்தகங்களின் பட்டியல் வருகிறதே, அவற்றில் ஒன்றேனும் அவன் வாசிக்கும் வடிவத்தில் இருப்பது அபூர்வம்.

காப்புரிமை ஒரு காலத்தில் தடையாக இருந்தது. இன்று அந்தச் சாக்கும் இல்லை. 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, அச்சு வாசிக்க இயலாதவர்களுக்காக எந்த நூலையும் அவர்கள் அணுகும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வழி திறந்தது. 2013-இல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் இதே நோக்கத்தோடு ஓர் உலக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; அதை முதன்முதலில் ஏற்புறுதி செய்த தேசம் இந்தியா என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் 2016-இல் உருவாயிற்று. செல்போனும் கணினியும் வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. என்விடிஏ என்ற திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவரின் உழைப்பில் உருவாகி, இன்று உலகெங்கும் காசின்றிக் கிடைக்கிறது. சட்டம் வந்தது, உடன்படிக்கை வந்தது, கருவியும் வந்துவிட்டது. பிறகு எங்கே தடைப்படுகிறது?

நம்முடைய எழுத்துருவில்தான் தடைப்படுகிறது. ஒரு தமிழ்ப் பேராசிரியர் தம்முடைய பாடக்குறிப்பைப் பல ஆண்டுகளுக்கு முன் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, வகுப்புக் குழுவுக்கு அனுப்பிவைக்கிறார் என்று கொள்வோம். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அழகான தமிழ். பார்வையற்ற மாணவன் அதைத் திரைவாசிப்பானில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் வரும் இடத்தில் அது 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று ஒலிக்கிறது. பக்கம் பக்கமாக அதே புலம்பல். ஏனெனில் அந்த எழுத்துருக்களில் கோப்புக்குள்ளே சேமிக்கப்படுவன ஆங்கில விசைகளே. மேலே போர்த்தியிருப்பது மட்டுமே தமிழ். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தர நிர்ணயமாக அறிவித்திருந்தும், பழைய எழுத்துருக்களின் பழக்கம் அலுவலகங்களையும் அச்சகங்களையும் விட்டுப் போனபாடில்லை. வேறு சிலர் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் கருவி வாயே திறப்பதில்லை. ஒரே ஒரு சுற்றறிக்கையால், இனி கல்லூரியில் எந்தக் குறிப்பும் வினாத்தாளும் ஒருங்குறியில்தான் இருக்க வேண்டும் என்ற ஒரு வரியால் தீரக்கூடிய துன்பம் இது. செலவு என்று ஒரு ரூபாயும் இல்லை. இதைச் செய்யாமலிருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றையும் என்னால் காண முடியவில்லை.

புத்தகம் இல்லாமையிலிருந்து கிளைப்பதுதான் பாடம் மறுக்கப்படுவதும். ஆந்திரத்தில் மச்சிலிப்பட்டினத்தை அடுத்த சிற்றூரில் பார்வையின்றிப் பிறந்த ஸ்ரீகாந்த் பொல்லா, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிறகும், பார்வையற்றவனுக்கு விஞ்ஞானப் பிரிவு கிடையாது என்று தடுக்கப்பட்டார். நீதிமன்றம் சென்று அனுமதி பெற்று, பாடங்களை ஒலிவடிவத்தில் கேட்டே படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்றெட்டு சதவீதம் எடுத்தார், ஐ.ஐ.டி. பயிற்சி நிலையங்கள் அவரைச் சேர்க்க மறுக்க, அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை அழைத்துக்கொண்டது. திரும்பி வந்து பொல்லாண்ட் என்ற தொழில் நிறுவனத்தை நிறுவி, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒலிப்பதிவு செய்த பாடமும், 'ஆகட்டும், படி' என்று சொல்ல ஒரு பள்ளிக்கூடமும். அவரைப் போல வழக்காடத் துணை இல்லாமல், சொன்ன இடத்தில் அடங்கிப்போய் வேறு பாடம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

மருத்துவப் படிப்பில் இன்னும் விசித்திரமான ஒரு விதி இருந்தது. பேச்சுக் குறைபாடு நாற்பது சதவீதம் இல்லையென்றால் இட ஒதுக்கீடு இல்லை. நாற்பதை எட்டினாலோ படிக்கவே தகுதி இல்லை! 2024 அக்டோபர் 15 அன்று இவ்விதியைப் பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வில், பொள்ளாச்சியைச் சேர்ந்த நீதிபதி கே. வி. விஸ்வநாதன் இருந்தார். சதவீதத்தை மட்டும் பார்த்து எவரையும் தள்ளக் கூடாது, அந்த மாணவர் படிப்பை மேற்கொள்ள வல்லவரா என்று மருத்துவக் குழு நேரில் ஆராய வேண்டும் என்றது தீர்ப்பு. வழக்குத் தொடுத்த மாணவருக்கு இடமும் கிடைத்தது.

காது கேளாத பிள்ளைகளின் நிலை தனியே எண்ணத்தக்கது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி உதட்டசைவின் மூலமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அதன் நிழல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தின் வகுப்பறைகள் மீது படிந்திருந்தது. தங்களுக்கு இயல்பாக அமைந்த மொழியைக் கைகளில் வைத்துக்கொண்டே, அதைப் பேசக் கூடாது என்று அடிபட்ட குழந்தைகள் ஏராளம். இந்தியச் சைகை மொழிக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் டெல்லியில் ஏற்பட்டதே 2015-இல்தான். தேசியப் பாடநூல்களைச் சைகை மொழியில் ஆக்க ஒப்பந்தமானது 2020-இல். இந்தப் பின்னணியில், காது கேளாத மாணவருக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குக் கொடுப்பதை நான் இருமனத்தோடுதான் பார்க்கிறேன். இன்றைய நிலையில் அது அவசியம். அதை எடுத்துவிட்டால் பல பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்ட மாட்டார்கள். எனினும், ஒரு குழந்தைக்கு மொழியைக் கற்பிக்கும் வழியைத் தேடாமல், அந்த மொழியிலிருந்து அதற்கு விடுதலை கொடுத்துவிட்டதாகத் திருப்தி அடைவது, கற்பிக்க வேண்டியவர்களின் கடமையை விலக்கிக்கொள்வதாகும். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே வணிகவியலும் கணினிப் பயன்பாட்டியலும் கற்பிக்கப்படுவது பாராட்டத்தக்கது. சரித்திரமோ பௌதிகமோ படிக்க விரும்பும் காது கேளாத பெண், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத சாதாரண வகுப்பில் ஆசிரியரின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியவளாகிறாள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அந்த உதடும் மறைந்துவிடுகிறது.

கட்டடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் கணக்கு. இரண்டடி உயரத் திண்ணைக்கு இருபத்துநான்கு அடி நீளம் வேண்டும். நம் ஊர்களில் ஆறேழு அடியில் சறுக்குமரம் போல் கட்டி, கைப்பிடியும் வைக்காமல், ஆய்வாளருக்குக் காட்டிவிடுகிறார்கள். அணுகல் விதிகளைப் பரிந்துரையாக மட்டும் விட்டுவைத்தது செல்லாது, அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் கூறிவிட்டது. கட்டுபவர்கள் இனியாவது கணக்குப் போட்டுக் கட்டட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானவர்கள் சிறப்பாசிரியர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சென்று, பள்ளிக்கே வர இயலாத குழந்தையின் வீட்டுக்கும் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இவர்கள், பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்கள். ஒரு குழந்தையின் கையைப் பிடித்துப் புள்ளிகளைத் தடவக் கற்பிக்க மாதங்கள் ஆகும். பல ஊர்களுக்குப் பொதுவான ஓர் ஆசிரியை ஒரு குழந்தையிடம் வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்க முடியும்? சிறப்பாசிரியர்களுக்கென்று தனி விகிதம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உத்தரவிட்டது; பணியிடங்களை நிர்ணயித்து அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதே திட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளி மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை அளிக்கப்படுகிறது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் பள்ளிக்குப் போய் வரும் பெண்ணுக்கு அந்தப் பணம் எத்தனை நாளைக்குப் போதும் என்பதைத் தாய்மார்களிடம் கேட்டால் தெரியும்.

'ஒரு மாணவனுக்காக இத்தனையுமா?' என்று கல்லூரி நிர்வாகங்களில் கேட்கப்படுவதுண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நூற்றுக்கு ஐந்து இடம் இவர்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாக இருந்தது ஐந்தாக உயர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவ்வாறிருக்க, ஒரு வகுப்பில் ஒரே ஒருவன்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றால், மீதிப் பேர் பிறக்காமல் போய்விடவில்லை. புத்தகம் இல்லாத பள்ளியிலும், ஏற முடியாத படியிலும், சைகை தெரியாத வகுப்பிலும் அவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வருகிறவர்கள் குறைவு என்பதைக் காரணம் காட்டி வசதியை மறுப்பதும், வசதி இல்லாததால் வருகிறவர்கள் குறைவதும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். அதை எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும் என்றால், செய்யக்கூடிய நிலையில் இருப்பது மாணவன் அல்லன், கல்லூரிதான்.

ஆகவே கல்லூரி முதல்வர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கை முடிந்து பெயர்ப் பட்டியல் கைக்கு வந்தவுடன், மாற்றுத்திறனாளி மாணவரை அழைத்து அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அந்த ஆண்டுக்குரிய பாடநூல்களின் பெயர்களை வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எழுதித் தருபவர்களின் பட்டியல் ஒன்றைக் கல்லூரியே தயாரித்து, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னதாகவே அவர்களோடு பழக விடுங்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே, கரும்பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாயால் சொல்லுங்கள். பேசும்போது மாணவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுங்கள். குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து கொடுங்கள். இவை எதற்கும் அரசாணை வர வேண்டியதில்லை, நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. வருகிற ஜூன் மாதத்தின் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.